வீடு திரும்பும் நாய்: சேர்வராயன் மலையும் சிறுவர் சினிமாவும்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் அங்கிருந்து புறப்பட்டு வந்தார்களாம். மூத்தவர் வழியினர் சேர்வராயனிலும், நடுவர் வழியினர் பச்சைமலையிலும், இளையவர் வழியினர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள். இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் நாய்கள் வருகின்றன. சகோதரர்கள் வேட்டைக்குப் போன இடத்தில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். கூடப் போன நாய்கள் மட்டும் வீடு வந்து சேர்கின்றன. நாய்களைத் தனியாகப் பார்த்த மனைவியர், கணவன்மார் மாண்டுவிட்டார்கள் என்று நம்பித் தீயில் விழுந்து உயிர் விடுகிறார்கள். பிறகு ஊருக்கு வந்த சகோதரர்களுக்கு அங்கே வாழ்க்கை இல்லை. வேறிடத்தில் பெண்ணெடுத்து மலையேறுகிறார்கள்.

ஒரு மலைச்சமூகத்தின் தோற்றக் கதை, வாசலில் வந்து நின்ற நாய்களில் தொடங்குகிறது. வீடு திரும்பும் நாயை வைத்துப் பின்னாளில் உலகம் முழுக்க எடுக்கப்பட்ட குடும்பப் படங்களின் கருவும் இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் படங்களில் நாய் திரும்பிவந்தால் குடும்பம் ஒன்றுசேரும். சேர்வராயன் கதையில் நாய் திரும்பியதால் குடும்பம் அழிகிறது.

சினிமாவில் அந்த மகிழ்ச்சியான வடிவத்துக்கு அழியாத உருவம் தந்தது 1943-ல் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த 'லாஸி கம் ஹோம்'. எரிக் நைட் 1940-ல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். யார்க்‌ஷயரில் வேலையிழந்த ஒரு தொழிலாளி, வேறு வழியின்றி மகனின் நாயை ஒரு பிரபுவுக்கு விற்றுவிடுகிறார். ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த நாய் நூற்றுக்கணக்கான மைல் நடந்து, பையன் பள்ளி விடும் நேரத்துக்கு வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நிற்கிறது. பெண் நாயாக நடித்தது பால் என்ற ஆண் நாய். பதின்வயதுகூட எட்டாத எலிசபெத் டெய்லர் அதில் சின்ன வேடத்தில் தோன்றினார். 2005-ல் சார்ல்ஸ் ஸ்டரிட்ஜ் இதே கதையை மீண்டும் எடுத்தபோது நாய் வீடு சேர்வதைக் கிறிஸ்துமஸோடு சேர்த்துவிட்டார்.

அது தற்செயல் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் நாய்க்கும் சினிமாவில் நெடுநாள் உறவு. டிஸ்னியின் 'லேடி அண்ட் தி டிராம்ப்' (1955) ஒரு கிறிஸ்துமஸ் காலையில், தொப்பிப் பெட்டிக்குள் இருந்து எட்டிப்பார்க்கும் குட்டியோடு தொடங்கி, இன்னொரு கிறிஸ்துமஸில் முடிகிறது. 1978-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி பெஞ்சி நாய்க்கென்றே ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் படம் காட்டியது. 2009-ல் 'எ டாக் நேம்டு கிறிஸ்துமஸ்' வந்தது. இவை எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: பண்டிகை இரவில் வீட்டில் யார் இல்லை? நம்மூரில் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெளியூர்ப் பிள்ளை வந்து சேரும்வரை அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல, அந்தக் கதைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வகைப் படங்களின் மூதாதை 1905-ல் இங்கிலாந்தில் பிறந்தது. செசில் ஹெப்வொர்த் தயாரித்து லூயின் ஃபிட்ஸ்ஹேமன் இயக்கிய 'ரெஸ்க்யூட் பை ரோவர்' ஏழு நிமிடம்கூட ஓடாத படம். கைக்குழந்தையை ஒரு பிச்சைக்காரி தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். வீட்டு நாய் மோப்பம் பிடித்துப்போய்க் குழந்தையைக் கண்டுபிடித்து, எசமானை அழைத்துச் செல்கிறது. ஹெப்வொர்த்தின் மனைவிதான் கதை எழுதித் தாயாகவும் நடித்தார். குழந்தை அவர்கள் பெற்ற குழந்தை, நாய் அவர்கள் வளர்த்த நாய். ஏழு பவுண்டுச் சொச்சம் செலவில் எடுத்த அந்தப் படத்துக்குப் பிரதி கேட்டு வந்த கூட்டத்தில் மூலப் படச்சுருள் தேய்ந்தே போனது. முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

அதே 1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போய் அதைக் காட்டினார். தமிழ்நாட்டு மக்கள் திரையில் பார்த்த முதல் கதைகளில், மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளையின் கதையும் ஒன்று. நம் சினிமாவுக்குள் கிறிஸ்துமஸ் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. நாயும் குழந்தையும் அதோடு சேர நெடுங்காலம் பிடித்தது.

இதற்கிடையில் நடந்ததைத் தேட, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டின் அடிவாரத்துக்கு வர வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நின்றுகொண்டிருக்கிறது. திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து ஊர் திரும்பியவர். முதலில் கூட்டாளிகளோடு சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் வழியாகப் படமெடுத்தார். பிறகு தனியாக மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, 1937-ல் 'சதி அகல்யா'வை வெளியிட்டார். எம்.ஜி.ஆரும் மு. கருணாநிதியும் கண்ணதாசனும் புழங்கிய இடம் அது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கேதான் உருவானது.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான படம் தமிழ்ப்படம் இல்லை. 1938 ஜனவரியில் வெளிவந்த 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். தயாரித்தவர் சுந்தரம், இயக்கியவர் எஸ். நொட்டானி. மலையாளச் சினிமா தன் முதல் சொற்களைப் பேசியது ஏற்காட்டு மலையின் காலடியில் என்பதைச் சேலத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். அந்த முதல் கதைக்கு எடுத்துக்கொண்டது புராணத்தை அல்ல. தாயை இழந்து, சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளாகி அலையும் பாலன், சரசா என்ற அண்ணன் தங்கையின் கதை. தென்னகமே துருவனையும் பிரகலாதனையும் லவகுசர்களையும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பசித்த வயிறும் கிழிந்த சட்டையுமாக இரண்டு சாதாரணப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தியது பெரிய துணிச்சல். அதற்குச் சற்று முன் சென்னையில் கே. சுப்ரமணியம் 'பாலயோகினி' (1937) எடுத்திருந்தார். அதில் நடித்த பேபி சரோஜாமீது மக்கள் வைத்த பாசத்தில், பிறந்த பெண்குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். தென்னிந்தியச் சினிமாவில் குழந்தை தெய்வமாக இல்லாமல் பிள்ளையாகவே வரத் தொடங்கியது அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

விலங்கும் மாடர்ன் தியேட்டர்ஸுக்குள் வந்தது, ஆனால் விசித்திரமான வழியில். 1952-ல் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தார்கள். தமிழில் அது 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரொமெரோ நடிப்பு. பனியுகத்து மாமூத் யானைகள் காட்டில் உயிரோடு இருப்பதாகக் கதை. நம்மூர் யானைகளுக்கு மயிர் ஒட்டி மாமூத்தாக்கினார்கள். குழந்தைகளைக் கவரும் படம்தான். ஆனாலும் விலங்கை அங்கே பயமுறுத்துகிற காட்சிப் பொருளாகவே வைத்தார்கள். வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் உயிராக அது இன்னும் ஆகவில்லை.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர். 1956-ல் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தில் ஒரு காளையை முக்கியமான பாத்திரமாக்கிய நாளிலிருந்து, யானை, பசு, ஆடு, பாம்பு என்று அவர் படங்களில் விலங்குக்குச் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்துக்குச் சமமான இடம் இருந்தது. 1971-ல் அவர் இந்தியில் எடுத்த 'ஹாத்தி மேரே சாத்தி' பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' என்று தமிழில் எடுத்தார். அந்த இந்திப் படத்தின் உச்சகட்டம், யானையால் குழந்தைக்கு ஆபத்து என்று தாய் சந்தேகப்படுவதைச் சுற்றிச் சுழல்கிறது. யானையோ குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தச் சந்தேகம் நமக்குப் புதிதல்ல. பிள்ளையைக் காத்த கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்துக் கொன்றுவிட்ட பார்ப்பனியின் கதையைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை சொல்கிறது. பழி தாங்காமல் பிரியப் புறப்பட்ட கணவனை மீட்டுக் குடும்பத்தை ஒன்றுசேர்த்தவன் கோவலன். அதே கதை வேல்ஸ் நாட்டில் கெலர்ட் என்ற நாயைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஓநாயிடமிருந்து குழந்தையைக் காத்த வேட்டைநாயை அரசன் அவசரத்தில் வெட்டிவிடுகிறான். அங்கே நாய், இங்கே கீரி, தேவரிடம் யானை. சேர்வராயன் கதையில் மனைவியர் செய்த பிழையும் இதே வகைதான். பேசத் தெரியாத உயிர் கொண்டுவந்த சேதியைத் தவறாகப் படித்துவிட்டார்கள். இந்தக் கதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்பதற்கு அந்தப் பிழைதான் காரணம் என்று தோன்றுகிறது. விலங்கின் விசுவாசம் மட்டும் இருந்திருந்தால் ஒரு தலைமுறையில் மறந்துபோயிருக்கும்.

தமிழ்ப் படங்களில் நாய்க்கு மட்டும் ஏன் நெடுங்காலம் துணைவேடமே கிடைத்தது? யானைக்குக் கோயில் இருந்தது, பசுவுக்குப் பூசை இருந்தது, பாம்புக்குப் புற்று இருந்தது. நாய் பைரவருக்கு வாகனம்தான், இருந்தும் தெருவிலேயே நின்றது. தேவர் பிலிம்ஸின் 'தாய் மீது சத்தியம்' (1978) படத்தில் ரஜினிகாந்துக்குக் குதிரையோடு நாயும் துணை வந்தது. இராம நாராயணன் 1990-ல் 'துர்கா'வில் பேபி ஷாமிலியைச் சுற்றி விலங்குகளை நிறுத்தினார். குழந்தைகள் விசில் அடித்துப் பார்த்தார்கள். ஆனால் அவற்றில் விலங்கு வில்லனைப் பிடித்துக்கொடுக்கும் கருவி. குழந்தை தன் தனிமையைச் சொல்லி அழ ஒரு நாய் அதில் இல்லை.

அப்படி ஒரு நாயை முதலில் மனத்தில் பதிய வைத்த படம் குழந்தைப் படமே அல்ல. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). விபத்தில் நினைவிழந்து, சின்னப் பிள்ளையாகிவிட்ட விஜி, நீலகிரியின் கேத்தியில் ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டில் இருக்கிறாள். அவளுக்குத் துணை சுப்ரமணி என்ற நாய்க்குட்டி. பெரிய ஆளின் பெயரை வைத்துக் குட்டியைக் கூப்பிடும் அந்தக் குழந்தைத்தனத்தைத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. படத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் சுப்ரமணிகள் வளர்ந்தன. கமல்ஹாசனுக்கு முதல் தேசிய விருதைத் தந்த படம் அது. மலைக்குளிர், ஓட்டு வீடு, வீட்டைவிட்டு விலகி வந்த பிள்ளை, ஒரு குட்டி நாய்: மேற்கத்திய கிறிஸ்துமஸ் படத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. வீடு சேர்வது மட்டும் நேர்மாறாக முடிகிறது. அவள் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள், பார்த்துக்கொண்டவன் நடைமேடையில் நின்றுவிடுகிறான்.

கிறிஸ்துமஸின் பக்கம் தமிழ்ச் சினிமா எட்டிப்பார்த்ததும் குழந்தையின் வழியாகத்தான். 'கண்ணே பாப்பா' (1969) படத்தில் கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய இயேசு பிறப்புப் பாடல், டிசம்பர் பிறந்தால் இன்றும் ஒலிபெருக்கிகளில் கேட்கும். அதில் நடித்த பேபி ராணி, முந்தைய ஆண்டு வந்த 'குழந்தைக்காக' படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். அதே படத்தின் பாட்டுக்காகக் கண்ணதாசனுக்கும் விருது கிடைத்தது. கரடுமுரடான குற்றவாளிகளின் கையில் அகப்பட்ட ஒரு குழந்தை அவர்களை இளக்கிவிடும் கதை அது. பண்டிகை இல்லை, பனி இல்லை, ஆனால் உள்ளே ஓடுவது கிறிஸ்துமஸ் படத்தின் ரத்தம்.

இனி மலைமேல் ஏறலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்ட நாள் முதல் ஏற்காட்டில் தோட்டத் துரைமார் குடியிருந்தார்கள். கூடவே மாதா கோயில்களும் விடுதிப் பள்ளிகளும் வந்தன. தூய திரித்துவ ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் இருக்கிறது. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். பரமக்குடியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையான நடிகர் விக்ரம் அங்கே படித்தவர். கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னியும் அங்கே படித்தவர்.

ஐதராபாத்திலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த இன்னொரு மாணவர் நாகேஷ் குக்குனூர். வீட்டைவிட்டு முதல்முறையாகப் பிரிந்து, மலைப்பள்ளியின் இரும்புக் கட்டிலில் படுக்கும் பையனின் கதையை அவர் 1999-ல் 'ராக்ஃபோர்டு' என்று படமாக்கினார். தன் பள்ளி நாட்களிலிருந்து எடுத்த கதை அது. 2015-ல் அவருடைய 'தனக்' பெர்லின் திரைவிழாவின் சிறுவர் பிரிவில் பரிசு பெற்றது. பெற்றோரை இழந்து சித்தப்பா வீட்டில் வளரும் அக்காவும், பார்வையற்ற தம்பியும் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கும் கதை. கடுமையான சித்தியும் அதில் உண்டு. 1938-ல் மலையடிவாரத்தில் எடுத்த 'பாலன்' படத்தின் அண்ணன் தங்கையை, மலைமேல் படித்த ஒருவர் எழுபத்தேழு ஆண்டு கழித்துப் பாலைவனத்தில் நடக்கவிட்டதுபோல இருக்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே மலையின் மேலும் கீழும் இரண்டும் முளைத்ததை எண்ணும்போது மனம் நிறைகிறது.

நாய் மட்டும் எங்கே? அது 2003-ல் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்தது. பிரகாஷ் வர்மா எடுத்த ஹட்ச் விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னால் ஓடும். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்தைப் பார்த்த இந்தியர்களின் எண்ணிக்கையை எந்தச் சிறுவர் படமும் எட்டியிருக்காது. அதற்குப் பிறகு சென்னையிலும் கோவையிலும் பக் குட்டிகளுக்கு அடிதடி. சப்பை மூக்கால் வெயிலில் மூச்சு விடத் திணறும் இனம் அது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அந்தக் குட்டிகளைக் கொண்டுவந்தது, அன்பால் செய்த கொடுமை.

தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதிய தியடோர் பாஸ்கரன்தான் 2017-ல் இந்திய நாயினங்கள் பற்றியும் ஆங்கிலத்தில் நூல் எழுதினார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று வெயிலிலும் வேட்டையிலும் வார்க்கப்பட்ட இனங்கள் நம்மிடம் இருக்கும்போது அயல் இனங்களின் பின்னால் ஓடுவதை அவர் தொடர்ந்து கேள்வி கேட்டுவருகிறார். சினிமா அதற்குச் செவிசாய்த்தது அடுத்த ஆண்டு. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் கருப்பியைப் பார்த்த பிறகு, தமிழ்ப் படத்தில் நாய் துணைவேடம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே 'காக்கா முட்டை' (2015) பையன்கள், பணக்காரப் பையனின் நாய்க்கு இருக்கும் விலையைக் கேட்டுவிட்டு, தங்கள் தெருநாய்க்குட்டியை அதே விலைக்கு விற்கப் பார்ப்பார்கள். சிரிப்பு வரும் காட்சிதான், ஆனால் நாயில் இருக்கும் சாதியையும் வர்க்கத்தையும் அதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

முழுநீளமாகக் குழந்தையும் நாயும் நாயகர்களான தமிழ்ப் படம் 2022 ஏப்ரலில் நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. சரோவ் சண்முகம் இயக்கி, சூர்யாவும் ஜோதிகாவும் தயாரித்த 'ஓ மை டாக்'. ஊட்டியில் நடக்கும் கதை. கண் தெரியாததால் கொல்லச் சொல்லப்பட்ட சைபீரியன் ஹஸ்கி குட்டியை ஒரு பள்ளிச் சிறுவன் காப்பாற்றி, சிம்பா என்று பெயரிட்டு, நாய்க் கண்காட்சிவரை கொண்டுபோகிறான். விஜயகுமார், அருண் விஜய், அர்னவ் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையும் அதில் தாத்தா, அப்பா, பேரனாகவே நடித்தார்கள். ஹெப்வொர்த் 1905-ல் தன் மனைவியையும் குழந்தையையும் நாயையும் வைத்து எடுத்ததை நினைத்துக்கொள்ளலாம். இந்த வகைப் படத்தில் நிஜக் குடும்பம் இருந்தால் திரையில் ஒரு சூடு வந்துவிடுகிறது.

தேவர் காலத்துக்கும் இதற்கும் நடுவே சட்டமும் மாறிவிட்டது. 2001-ன் விதிகளின்படி, படத்தில் நடிக்கும் விலங்கைப் பதிவு செய்ய வேண்டும். பிராணிகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் பிறந்த அந்த வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. யானையும் குரங்கும் திரையிலிருந்து விலகியதற்கும், நாய் முன்னால் வந்ததற்கும் இந்த விதிகளும் ஒரு காரணம்.

தமிழ்ச் சினிமா மலைக் கதைக்கு ஊட்டியையும் கொடைக்கானலையுமே நாடுகிறது. ஏற்காட்டில் டிசம்பர் மாதம் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் ஏரிக்கரை நிரம்பிவிடும், ஆலயங்களில் குடில் வைப்பார்கள். தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, விடுதியில் படிக்கும் பையன் ஒருவன், இருவருக்கும் நடுவே திரியும் நாய் ஒன்று என்று யாராவது இங்கே படமெடுக்க வேண்டும். கதை தேடி யார்க்‌ஷயர் போக வேண்டாம். பெரியண்ணனின் வேட்டைநாய் இருக்கிறது. அந்த நாய் ஹஸ்கியாக இல்லாமல், எஸ்டேட் லயத்தின் வாசலில் வளர்ந்த நாட்டு நாயாகவும் இருக்கட்டும். அது இந்த முறை கொண்டுவரும் சேதியைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒரு குழந்தை இருக்கட்டும்.